தரங்கம்பாடியில் ஒரு கவாத்து

வேல்பாண்டி அண்ணனுக்கு வலது கைக் கட்டைவிரல் இடது கையுடையதைவிடப் பருமன். முப்பது வருடமாகக் கத்தரி பிடித்த விரல். கம்பத்துக்குப் பக்கத்தில் சுருளிப்பட்டியில் அவர் கவாத்து செய்யாத திராட்சைத் தோட்டம் குறைவு. அறுவடை முடிந்த கொடியில் இலையை எல்லாம் உருவிவிட்டு, ஒவ்வொரு கிளையிலும் நாலைந்து கணு மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டித் தள்ளுவதுதான் கவாத்து. கணுவில் உறங்கும் மொட்டைக் கண் என்பார்கள். எந்தக் கண்ணில் காய் வரும், எது வெறும் இலையாகப் போகும் என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். பந்தலுக்கு அடியில் அண்ணாந்தே வேலை பார்த்ததால் தெருவில் நடக்கும்போதும் முகம் கொஞ்சம் மேலே பார்த்தபடிதான் இருக்கும். எதிரே வருகிறவர்களைக் கவனிக்க மாட்டார். யார் வீட்டு மாடியில் என்ன செடி நிற்கிறது என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி.

அவருக்கு வெகுநாளாக ஒரு ஆசை. ராமேஸ்வரத்திலிருந்து கடலை விட்டு விலகாமல் சென்னை வரைக்கும் பைக்கில் போக வேண்டும். அதற்காகவே ஒரு பழைய பைக் வாங்கினார். போன வருடம் இரண்டு தோட்டங்களுக்கு நடுவே பதினெட்டு நாள் ஓய்வு கிடைத்தது. நான் பக்கத்து வீடு. பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். போனில் வழி பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். வேறு யாரையும் கூப்பிடாததற்குக் காரணம், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்பது. வழி தப்பும்போதும் திறக்கவில்லை என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி வாழ்ந்த ஊர். பழைய வெள்ளை நுழைவாயிலைத் தாண்டினால் நேராக ஒரு தெரு, அது முடியும் இடத்தில் கடல். வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்ட மாதிரி அமைதியான தெரு. தூண் வைத்த ஒரு பெரிய வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஜெபஷீலா மகள் ஜெனிபரோடு இருந்தார். பின்பக்கத்து அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவார். ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் பாண்டிச்சேரிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

பின்முற்றத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து ஏறி முழுப் பந்தலையும் மூடிக் கிடந்தது ஒரு திராட்சைக் கொடி. அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அதன் அடியில் நின்றார். சாப்பாட்டின்போது டீச்சர் சகஜமாகச் சொன்னார், வைத்து ஒன்பது வருடம் ஆகிறது, இலைக்குக் குறைவில்லை, ஒரு காய்கூடக் கிடையாது என்று. அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் ஞாயிறு. டீச்சரும் ஜெனிபரும் காலை ஆராதனைக்குப் போய்விட்டார்கள். நான் கோட்டையைப் பார்க்கப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அவர்களும் வாசலில் வந்து இறங்கினார்கள். மூன்று பேரும் சேர்ந்தே உள்ளே போனோம்.

முற்றம் முழுக்க வெயில். ஒரு இலை இல்லை. மூலையில் ஆள் உயரத்துக்குத் தழைக் குவியல். மேலே கம்பியில் பழுப்புக் குச்சிகள் மட்டும், வெட்டிய முனை ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூலின் மேல் நின்ற அண்ணன் கத்தரியை மடக்கிப் பையில் போட்டபடி, ஒவ்வொரு கண்ணையும் தடவிப் பார்த்தே வெட்டியிருப்பதாகவும் கூலி எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார்.

டீச்சர் கைப்பையைக் கீழே வைத்தார்.

"என்னங்க இது? அடுத்த சனிக்கு அடுத்த சனி இதுக்கு அடியிலதாங்க எம் பொண்ணுக்கு நிச்சயம். நூறு பேரு வராங்க."

அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் யாரும் கவாத்துக்காரரிடம் நேராக வந்து வெட்டுங்கள் என்று கேட்பதில்லை. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து, கொடி சும்மா கிடக்கிறது, காயைக் காணோம் என்று குறைப்படுவார்கள். மறுநாள் விடியும்போது கத்தரியோடு தோட்டத்தில் நிற்க வேண்டும். அதுதான் முறை.

"டீச்சர், ஒரு காயும் இல்லேன்னு நேத்து நீங்க சொன்னீகள்ல. எங்க ஊர்ல அப்படிச் சொன்னாகன்னா ஆள் போய் நிக்கணும் டீச்சர்."

"நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேங்க. இதப் பாருங்க, அழுவுது அது."

ஜெனிபர் மேலே பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். நிச்சயத்துக்கு மொட்டை போடுற வழக்கம் நம்ம பக்கம் கிடையாதேம்மா என்றாள். சிரித்தது அவள் மட்டும்தான்.

சொட்டுவது கொடிக்கு உயிர் இருப்பதன் அடையாளம், மூன்று நாளில் நின்றுவிடும் என்று அண்ணன் சொன்னார். பத்தாம் நாள் துளிர், நிச்சயத்தன்று இலை. டீச்சர் கேட்டுக்கொண்டே சாமியானாக்காரருக்குப் போன் போட்டார். துணி கட்டினால் துளிருக்கு வெயில் கிடைக்காது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுங்கள் என்று அண்ணன் கும்பிட்டுக் கேட்டார். அதற்கு மட்டும் டீச்சர் சரி என்றார்.

அண்ணன் பைக்கிலிருந்து மூட்டையை அவிழ்த்து மறுபடி அறைக்குள் வைத்தார். சென்னை என்ன ஆவது என்று நான் கேட்கவில்லை.

பொறையாறுக்குப் போய்க் கடலைப் புண்ணாக்கு வாங்கி வந்து ஊறவைத்து வேரில் ஊற்றினார். காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டார். மிச்ச நேரம் பந்தலுக்கு அடியில்தான். நூறு அடியில் கடல், ஆனால் முதல் வாரம் அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு குச்சியையே பார்த்தபடி இருப்பார். அவருடைய மனைவி பவானி அக்காள் போன் பண்ணியபோது ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"சென்னைக்குப் போறேன்னுட்டு எங்கனதான் கெடக்கீக?"

"இங்கன ஒரு கொடி, பவானி."

அங்கேயுமா என்று கேட்டுவிட்டு அக்காள் வைத்துவிட்டார்.

சொட்டு நாலாம் நாள் நின்றது. ஏழாம் நாள்வரை ஒன்றுமே இல்லை. அன்று அண்ணன் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். எட்டாம் நாள் கண்கள் பச்சைப் பயறு மாதிரி உப்பின. பத்தாம் நாள் காலையில் ஜெனிபர்தான் முதலில் பார்த்தாள். ரோஜா நிறத்தில் பஞ்சு ஒட்டியது போல ஒரு நுனி. அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அண்ணனுக்கு ஒரு காப்பி கொண்டுவந்து வைத்தார். அதுவரை எனக்குத்தான் கொடுப்பார், நான் அவருக்கு எடுத்துப் போவேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமியானாக்காரர் கம்புகளோடு வந்து நின்றார். பந்தல் முழுக்க விரல் நீளத் துளிர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு பளபளப்பான இலை. நிழல் என்று சொல்ல முடியாது. ஆனால் பல துளிர்களில் இலைக்கு எதிர்ப்பக்கம் பச்சை மிளகுச் சரத்தைச் சுருக்கி வைத்த மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. அது என்ன என்று டீச்சர் கேட்டார்.

"கொத்து டீச்சர். பூக்கப் போகுது. காய்."

டீச்சர் ஸ்டூலைப் போடச் சொல்லி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறினார். வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கியதும், சாமியானாவைச் சாப்பாட்டுப் பந்திக்கு மட்டும் வாசல் பக்கம் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கொடிக்கு அடியில் நிச்சயம் நடந்தது. வெயில் நேராகத் தலையில் இறங்கியது. பாஸ்டர் ஜெபத்துக்கு நடுவே இரண்டு தடவை நெற்றியைத் துடைத்தார். மாப்பிள்ளை ஜோயல் வியர்வையில் கோட்டோடு நனைந்துபோனார். ஜெனிபர் மட்டும் அடிக்கடி மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெபம் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து பார்த்தார். இந்த ஊரில் திராட்சைக்கொடியில் காய் பிடித்து நான் பார்த்ததே இல்லையே, எப்படி என்று கேட்டார்.

"கவாத்து பண்ணச் சொன்னேங்க," என்றார் டீச்சர், தயக்கமே இல்லாமல். "நிச்சயத்துக்குத் தயாராகட்டும்னு நாள் பார்த்துச் சொன்னேன். அதுக்குன்னே கம்பத்துல இருந்து ஆள் வந்திருக்காரு."

பின்னால் பந்திக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போய்க்கொண்டிருந்த அண்ணன் நின்றார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். கூட்டத்தில் நாலைந்து பேர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் பாட்டில்களை என் கையில் கொடுத்துவிட்டு, விருந்தாளிகளோடு முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்தார்.