கேள்வி வந்தால்தான் மை வரும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ராஜேந்திரன் போன் செய்தார். "பாய், அமுதா போய்ட்டா" என்றார். மலைப்பாதையில் இத்தனை வருடம் பஸ் ஓட்டியவர், எந்த வளைவிலும் தடுமாறாதவர், மனைவி போன அன்று போனை வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். வாணியம்பாடியில் என் வீட்டு வாசலில் நின்று நான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஜவ்வாது மலையில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த அமுதாவை மலைக்காரர்களான உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் அவரைத் தேடிப் போனவர்கள் நீங்கள். நான் அவரோடு சண்டை போட்டுப் பழகியவன். எனக்குத் தெரிந்த அமுதாவைத்தான் என்னால் சொல்ல முடியும்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. சத்துமாவு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. புதிதாக ஒரு மாவு வந்திருந்தது. அது குழந்தைகளின் ரத்தசோகையைக் குறைக்கிறதா என்று பார்க்க மலையில் ஓர் ஆய்வு வைத்தார்கள். பாதிக் குழந்தைகளுக்குப் புது மாவு, மீதிப் பேருக்கு வெறும் கேழ்வரகு மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற எனக்கே தெரியாது. தொடக்கத்திலும் முடிவிலும் குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பார்கள். அதற்குப் பெரியவர்களின் சம்மதம் வேண்டும். ஒரு மாதத்துக்குள் கைநாட்டு வாங்கி அனுப்பாவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வேலை போனால் அண்ணனுடைய தோல் மண்டியில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதற்கு மலையேறுவதே மேல் என்று கிளம்பிவிட்டேன்.

மலையில் வேலை வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. மைப்பெட்டியைத் திறந்தாலே போதும், கட்டைவிரலை நீட்டிவிடுவார்கள். எந்தச் சர்க்கார் ஆள் வந்தாலும் அப்படி நீட்டியே பழகிய விரல்கள். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சில நாட்களிலேயே மூன்று ஊர்கள் முடிந்தன. நான்காவது ஊரில் அமுதா இருந்தார்.

மேசைமேல் இருந்த மைப்பெட்டியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னா பாய், கட்டைவிரல் அறுவடையா?"

"சம்மதம் வாங்குறேன் சிஸ்டர்."

"எதுக்கு சம்மதம்னு அவங்களையே கேளுங்க, பாப்போம்."

கேட்டேன். வரிசையில் முதலில் நின்ற பெண் சிரித்தார். "நீங்க தான் பெரியவங்க, சொன்னா சரிதாங்க" என்றார். அமுதா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேள்வி வந்தா தான் மை வரும்" என்றார் என்னிடம். பிறகு பெண்களிடம் திரும்பி, "கேட்டு முடிக்கிற வரைக்கும் கட்டைவிரல மடக்கி உள்ள வெச்சுக்கோங்க" என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டே விரலை மடக்கிக்கொண்டார்கள்.

"கேள்வியே இல்லைன்னா இன்னா பண்றது?" என்றேன் எரிச்சலோடு.

"இருக்கும். நீங்க வாய மூடிக்கினு கொஞ்ச நேரம் உக்காருங்க."

உட்கார்ந்தேன். விற்பனையில் ஊறிய வாய்க்கு அது லேசான வேலை இல்லை. வெகு நேரம் கழித்து மல்லிகா என்ற பெண் கேட்டார்: "எனக்கு ரெண்டு புள்ளைங்க. ஒன்னுக்கு ஒரு மாவு, இன்னொன்னுக்கு வேற மாவுன்னா எப்படிங்க? எங்க வூட்ல ஒரே சட்டி தான்."

கம்பெனியில் இத்தனை படித்தவர்கள் சேர்ந்து போட்ட திட்டத்தில் அந்த ஒற்றைச் சட்டி இல்லை. மேலாளருக்குப் போன் செய்து திட்டு வாங்கினேன். ஆனால் மறுநாள் ஆய்வை நடத்தும் டாக்டரே என்னைக் கூப்பிட்டார். "நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது" என்றார். ஒரு வீட்டுக்கு ஒரே வகை மாவுதான் என்று மாற்றினார்கள். புது மாவு பலன் தந்தால் ஆய்வு முடிந்ததும் எல்லாக் குழந்தைகளுக்கும் அதைக் கொடுப்போம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரே குஷி. அமுதாவிடம் சொல்ல ஓடினேன்.

"நல்லது பாய். அந்த மூனு ஊரு?"

"அது முடிஞ்சிடுச்சே!"

"முடியல. அவங்க இன்னும் ஒன்னுமே கேக்கலியே."

கத்திவிட்டேன். என் வேலை போய்விடும் என்றேன். "போனாலும் போகும்" என்றார். "ஆனா அது புள்ளைங்க ரத்தம் பாய்." சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தன் விடுமுறை நாட்களில் கணவர் ஓட்டும் பஸ்ஸிலேயே என்னோடு வந்தார்.

காளி என்று ஒரு பெரியவர், தாய் தகப்பன் இல்லாத பேரனை வளர்ப்பவர். அவர் முன்னால்தான் அந்தப் படிவத்தை முதல் முறையாக முழுக்கப் படித்தேன். விருப்பம் இல்லாவிட்டால் சேர வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று அதில் ஒரு பத்தி இருந்தது. காளி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாம்னு சொல்லலாமா? அத நீங்க மொதல்ல சொல்லவே இல்லியே சார்."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வியந்துபோய்க் கேட்டார். கொஞ்சம் யோசித்து, "அப்போ வேணாங்க" என்றார். அமுதா "சரிங்க தாத்தா" என்று காகிதத்தைக் கிழித்தார். அவருடைய முட்டிவலியை விசாரித்தார். திரும்பி நடக்கும்போது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சொன்னார்: "வேணாம்னு சொல்ல வழி இருந்தா தான் பாய், சரின்னு சொன்னதுக்கு மரியாதை."

வேலை போகவில்லை. தாமதத்துக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்ததோடு சரி. தெரிந்து சரி என்றவர்கள் ஒருவர்கூடப் பாதியில் விலகவில்லை. புது மாவு பலன் தந்தது. அடுத்த வருடம் காளி தானே வந்து பேரனுக்கு மாவு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அமுதாவைப் பெரிய தவசி என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வு முடிந்ததும் கம்பெனி கொடுத்த கைக்கடிகாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, எங்கள் வீட்டு பிரியாணியை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். "வாட்ச் வாங்கினா நாளைக்கு உங்க மாவ நான் தூக்கிப் பேசணும். பிரியாணிக்கு அந்த வம்பு இல்ல. அத வேணாம்னு சொல்ல நான் இன்னா பைத்தியமா?"

இந்த வருடம் அவர் வயிற்றில் கட்டி, முற்றிப்போன புற்று என்றார்கள். கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நானும் கூட இருந்தேன். மேற்கொண்டு சிகிச்சைக்குப் படிவத்தை நீட்டினார் டாக்டர். அமுதா கட்டைவிரலை மடக்கிக்கொண்டு கேட்டார்: "இந்த சிகிச்சைய எடுத்துக்கினா மீதி நாள் நடமாடுவனா, படுத்திருப்பனா?" அந்த டாக்டர் நல்ல மனிதர். "பெரும்பாலும் படுக்கைதாம்மா. நாள் கொஞ்சம் கூடலாம்" என்று உள்ளதைச் சொன்னார்.

"அப்போ வேணாங்க."

நான் வெடித்தேன். பணம் நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்துப் போடு தாயே என்று கெஞ்சினேன். அமுதா சிரித்தார். "வேணாம்னு சொல்லலாம் பாய். நீங்க தானே வூடு வூடா போய் சொன்னீங்க."

சாமை விதைக்கும்போது வீடு திரும்பியவர் அறுவடை வரை இருந்தார். வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டார், தன் காலால் நடந்தார், வந்தவர்களை எல்லாம் கிண்டல் செய்தார். அவர் முடிவு சரியா என்று என் மனம் இன்னும் அடித்துக்கொள்கிறது. ஆனால் அது அவருடைய முடிவு. அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அமுதா அன்று என்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்ட அந்தப் பழைய மைப்பெட்டியை ராஜேந்திரன் என்னிடம் நீட்டினார். வேண்டாம், சுகாதார நிலையத்திலேயே இருக்கட்டும், அங்கேதான் அதற்கு வேலை என்றேன். அமுதாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. கேட்டுவிட்டு வாயை மூடி உட்காரும் பொறுமை. அறுபதை நெருங்கும்போதுதான் அது கொஞ்சம் கைவந்திருக்கிறது.

கீழே இறங்க பஸ்ஸுக்கு நின்றபோது, மருத்துவக் காப்பீடு விற்க வந்த ஒருவர் விரல் பதிக்கும் கருவியை மல்லிகாவிடம் நீட்டினார். "இங்க வையுங்கம்மா, அவ்ளோதான்." காரியத்தில் அழுத கண் மல்லிகாவுக்கு இன்னும் காயவில்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல நான் கேக்கறேன். அப்புறம் வெக்கறதா வேணாமான்னு பாக்கறேன்."

காப்பீட்டுக்காரர் என்னைத் துணைக்குப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்தேன்.