வெளிநாடு போகிறவர்கள் மேசை வாங்குவதில்லை

தொண்ணூறுகளில் வெள்ளவத்தையில் இருந்த யாழ்ப்பாணத்து ஆட்களில் பாதிப்பேர் உண்மையில் அங்கே குடியிருக்கவில்லை. கனடாவுக்கோ லண்டனுக்கோ சுவிசுக்கோ போகிற வழியில் சற்றே நின்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சற்று சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஆறு வருடம். எங்களுக்கு எவ்வளவு காலம் ஆகிறது என்று யாராவது கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். எப்போது கேட்டாலும் அடுத்த மாதம் போய்விடுவோம் என்பார். அந்த அடுத்த மாதங்களுக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தவள் நான்.

போகிறவர்களுக்கென்று ஒரு ஆசாரம் இருந்தது. தளபாடம் வாங்கக் கூடாது. பாய் வாங்கலாம், பிளாஸ்டிக் கதிரை வாங்கலாம், மடக்கி மூலையில் சாத்துகிற எதையும் வாங்கலாம். மரச்சாமான் மட்டும் ஆகாது. போகும்போது அதை யார் தலையில் கட்டுவது என்று வெளியில் நியாயம் சொல்வார்கள். உள்ளே இருந்தது பயம். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒரு தேக்கங்கட்டில் வாங்கினார். அடுத்த கிழமையே அவருக்கு விசா இல்லையென்று பதில் வந்தது. தூதரகத்து வெள்ளைக்காரனுக்கும் தேக்கங்கட்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவிடம் கேட்டேன். படிப்பு கூடிப்போனால் இப்படித்தான் வாய் வரும் என்று பதில் கிடைத்தது.

எங்களுடையது கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. அம்மா, அப்பா, நான். வீட்டுக்கார அன்ரி கீழே இருந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கருவாடு பொரிக்கக் கூடாது, பொலிஸ் பதிவு இல்லாத விருந்தாளி ஒரு இரவும் தங்கக் கூடாது என்பவை அவருடைய சட்டங்கள். அறையோடு இரண்டு இரும்புக் கட்டில்கள் தந்திருந்தார். மிச்ச இடத்தைச் சூட்கேசுகள் பிடித்துக்கொண்டன. எங்கள் உடுப்பெல்லாம் அவற்றுக்குள்தான். நான் வேலை பார்க்கும் கந்தோருக்கு உடுக்க நினைக்கும் சேலை எப்போதும் ஆக அடியில் உள்ள பெட்டியில், அம்மாவின் கம்பளிச் சட்டைகளுக்குக் கீழே இருக்கும். கொழும்பு வெக்கையில் தினமும் காலையில் கம்பளியைக் கிண்டுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அண்ணா கனடாவில் இருந்தார். மீசை சரியாக முளைக்காத வயதில் போனவர். அதன் பிறகு அம்மா அவரைப் பார்த்தது படங்களில்தான். அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அப்படியே. அவர்தான் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட விண்ணப்பித்திருந்தார். எனக்கு வயது கடந்துவிட்டதால் அந்த விண்ணப்பத்தில் இடமில்லை. எல்லாம் முடிந்து மெடிக்கலும் செய்தாகிவிட்டது. பதில்தான் வரவேண்டும். அம்மா அந்தப் பதிலுக்காகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். மருந்துக் குளிசைகள், மூச்சிழுக்கும் பம்ப், மூக்குக்கண்ணாடி, தண்ணீர்ச் செம்பு எல்லாம் கட்டிலுக்கு அருகே தரையில் இருக்கும். ஒருநாள் காலை அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், குளிசை எடுக்கக் குனிந்தவருக்குத் தலை சுற்றிவிட்டது. செம்பு கவிழ்ந்து குளிசையெல்லாம் நனைந்து, நான் குளித்துவிட்டு வந்து பார்க்கும்போது ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார். எழும்ப முடியவில்லை. அம்மாவிடம் சொல்லாதே என்றார். அவரைத் தூக்கிக் கட்டிலில் இருத்தினேன். அன்றைக்கே முடிவு செய்தேன், கட்டிலோடு ஒட்டி ஒரு சின்ன மேசை வேண்டும்.

போகிற நேரத்தில் மேசையோ என்று அம்மா கேட்டார். காலையும் மாலையும் அதே கேள்வி. கடைசியில் நான் ஒரு வக்கீல் வாதத்தைக் கண்டுபிடித்தேன். கொள்ளுப்பிட்டியில் என் கந்தோருக்குப் பக்கத்துக் கடையில் கழற்றிப் பூட்டுகிற மேசைகள் வந்திருந்தன. கழற்றினால் ஒரு பெட்டிக்குள் அடங்கும். எனவே அது தளபாடமே அல்ல, ஒருவகைப் பயணச் சாமான் என்றேன். அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது சம்மதம்.

கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடத்துக்குச் சரியாக ஒரு பத்திரிகைத் தாளை வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விற்பனையாளர் ஒவ்வொரு மேசையாகக் காட்ட, நான் தாளை விரித்துப் பார்த்தேன். கண்ணாடி போட்ட மேசை முதலில் வந்தது. கொழும்பில் குண்டு வெடித்த நாளிலிருந்து ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் குறுக்கும் மறுக்குமாக டேப் ஒட்டி வைத்திருக்கும் ஊரில் அதை வாங்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அடுத்தது சில்லு வைத்தது. எங்கள் அறையோ கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் அதிரும். காலிப் பக்கம் போகும் வண்டியோடு மேசையும் புறப்பட்டுவிடும். இழுத்துத் திறக்கிற லாச்சி வைத்தது எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் லாச்சிக்குள் அம்மா இங்கேயே தங்கிவிடப்போகிற எங்கள் முழு எதிர்காலத்தையும் காண்பார் என்று விட்டுவிட்டேன். கடைசியில் தாளுக்குள் அடங்கிய ஒரு சதுர மேசையை எடுத்தேன். நாலு இரும்புக் குழாய்க் கால், மேலே மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, அதன்மேல் மரம் மாதிரிக் கோடு போட்ட தாள். இது மரமே இல்லை என்று அம்மாவிடம் சத்தியம் பண்ணலாம்.

அன்று என் மூளை வேலை செய்யாத இடம் ஒன்று உண்டு. நாலு இரும்புக் குழாயை நீளமான பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு, யாழ்ப்பாணம் என்று எழுதிய அடையாள அட்டையோடு காலி வீதியில் பஸ் ஏறினேன்.

வெள்ளவத்தைக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பெண்கள் வரிசையில் நின்ற பொலிஸ்காரி கைப்பையைக் கிண்டி, அடையாள அட்டையைப் பார்த்து, பெட்டியைத் திறந்தாள். குழாய்களைக் கண்டதும் முகம் மாறியது. மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு நடுத்தர வயது ஆமிக்காரர் வந்தார். குழாயைத் தூக்கி ஒரு கண்ணை மூடி அதன் ஓட்டைக்குள் பார்த்தார். ஓட்டைக்கு அப்பால் கடல் தெரிந்திருக்கும். திருகாணிப் பொட்டலத்தைக் கிலுக்கினார். மேசை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். என் வார்த்தையை நம்பாமல், பூட்டிக் காட்டு என்பதை இரண்டே சொல்லில் சொன்னார்.

"ஹதலா பென்னன்ன."

என் பஸ் போய்விட்டது; அடுத்த பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி வரிசையில் நின்றார்கள். நான் நடைபாதையில் சேலையை ஒதுக்கிக்கொண்டு குந்தினேன். இன்று சிரிப்பாக எழுதுகிறேன்; அன்று சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் ஜீப்பில் ஏற்றப்பட இதைவிடச் சின்னக் காரணங்கள் போதும். பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாள் சீன மொழியில் இருந்தது. படத்தில் ஒரு மொட்டைத்தலையன் சிரித்தபடியே பூட்டிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றித் துப்பாக்கி யாரும் பிடிக்கவில்லை.

முதல் காலைத் தலைகீழாகப் பூட்டினேன். ஆண்கள் வரிசையில் நின்ற ஒருவர், புதுக்கடை நீதிமன்றத்தில் கிளாக்கர் வேலை பார்ப்பவராம், ரப்பர் கீழே வரவேண்டும் தங்கச்சி என்று அங்கிருந்தே சொன்னார். இன்னொருவர் திருகாணியை முழுக்க இறுக்காதே என்றார். ஆளுக்கொரு யோசனை வந்தது. அதுவரை தன் அடையாள அட்டையைக் காட்டவே பயந்து நின்ற வரிசை, ஒரு மேசையைக் கண்டதும் எங்கிருந்துதான் இவ்வளவு தைரியம் பெற்றதோ தெரியாது. நாலாவது கால் ஒத்துழைக்க மறுத்தபோது ஆமிக்காரரே துப்பாக்கியைத் தோளில் தள்ளிவிட்டுக் குனிந்து பலகையைப் பிடித்துக்கொண்டார். பூட்டி முடிந்ததும் அதை நடைபாதையில் நிறுத்தி, தன்னுடைய தேத்தண்ணீர்க் கோப்பையை மேலே வைத்துப் பார்த்தார். ஆடவில்லை. அழகாக இருக்கிறது என்றார். தன் மனைவிக்கும் இப்படி ஒன்று வேண்டும், எங்கே வாங்கினாய் என்று விசாரித்தார். நாட்டின் பாதுகாப்புக்கு மேசையால் ஆபத்தில்லை என்று இப்படியாக உறுதியாயிற்று.

திரும்பக் கழற்ற எனக்குப் பொறுமையும் இல்லை, தைரியமும் இல்லை. மேசையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அங்கேதான் உண்மையான பிழை நடந்தது. பெட்டிக்குள் இருந்திருந்தால் அது என்னவென்று யாருக்கும் தெரிந்திராது. இப்போது நாலு காலும் வானத்தைப் பார்க்க, ஒழுங்கை முழுக்கப் பார்த்தது. போகிற வீட்டுக்கு மேசை வருகிறதென்றால் அர்த்தம் ஒன்றுதான். முன்வீட்டு அன்ரி கேற்றடியில் நின்று, குரலைத் தாழ்த்தி, "சரிவரேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். இது சும்மா ஒரு மேசை அன்ரி என்றேன். பாவம், வெளியில் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று அவர் முகம் சொல்லியது.

பின்னேரம் துக்கம் விசாரிக்க வந்தார்கள். பிஸ்கட் பெட்டியோடு ஒருவர், கோயில் விபூதியோடு ஒருவர். தேக்கங்கட்டில்காரர் நேரிலேயே வந்து, கவலைப்படாதீர்கள், திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று அனுபவஸ்தராகப் பேசினார். எங்களுக்கு இன்னும் பதிலே வரவில்லை என்று அம்மா ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்தினார். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரும் நம்பவில்லை. அவர்கள் போனபின் அம்மா என்னைப் பார்த்த பார்வைக்குச் சாவடியே பரவாயில்லை.

மேசை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அளவெடுத்தாற்போல் போய் நின்றது. அப்பா சாய்ந்தபடியே கையை நீட்டித் தண்ணீரை எடுத்தார். அன்றைக்குப் பிறகு அவர் தரைக்குக் குனியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அம்மா மட்டும் பலகையில் ஒட்டியிருந்த பொலித்தீனை உரிக்க விடவில்லை. மேசை என்று ஒருநாளும் சொல்லவில்லை. உந்தச் சாமான் என்பார். கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுவார், காலைத் தூக்கி அடியில் கூட்டமாட்டார்.

அண்ணாவின் அழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரெலிபோன் கீழே வீட்டுக்கார அன்ரியின் ஹோலில் இருந்தது. அம்மா இறங்கிப் போக, நானும் பின்னால் போய்ப் படியில் நின்றேன். அம்மா கேட்டுக்கொண்டே நின்றார். ரிசீவரைப் பிடிக்காத கை ஒரு தரம் சேலைத் தலைப்பைத் தேடியது. யோசித்துச் சொல்கிறேன் தம்பி என்று வைத்தார். வீட்டுக்கார அன்ரி என்ன செய்தி என்று கேட்க, எல்லாரும் சுகமாம் என்றார்.

மேலே வந்து அப்பாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"உங்கட நெஞ்சுப் படம் சரியில்லையாம். எனக்கு மட்டும் விசா வந்திட்டுதாம். முதல் நான் வரட்டாம், உங்களைப் பிறகு பாக்கலாமாம்."

அந்தப் பிறகு என்பதன் அர்த்தம் மூன்று பேருக்கும் தெரியும். அப்பா ஜன்னலில் ஒட்டிய டேப்பைப் பார்த்தார். பிறகு, "நீர் போம். பேரப்பிள்ளையளைப் பாரும். நான் பிள்ளையோட இருப்பன்," என்றார். அம்மா அண்ணாவுக்காக அழுதாரா, அப்பாவுக்காக அழுதாரா என்று தெரியாத ஒரு அழுகையை அன்று நான் பார்த்தேன். எனக்கு அவர் போகவேண்டும் என்றும் இருந்தது, போகக் கூடாது என்றும் இருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போலக் கந்தோருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் ஆக அடிப் பெட்டியை இழுத்துத் திறந்து கம்பளிச் சட்டைகளைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அம்மா தேத்தண்ணீரை அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஒரு அலுமாரி வேணும், பிள்ளை."

இந்த அறைக்குள் அலுமாரியை எங்கே வைப்பது என்று கேட்டேன். வாய்ப்பழக்கம், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சூட்கேசுகளை ஆருக்கும் குடுத்தா இடம் வரும்தானே," என்றார் அம்மா. "மரத்தில வாங்கு. உந்தக் கழட்டுற சாமான் வேண்டாம்."