தெருவில் நீட்டிய பாவு

இஸ்திரிக் கடையில் கஞ்சி வாசனை வந்தால், இன்று கார்கள் நிற்கும் எங்கள் ஆரணித் தெரு நினைவுக்கு வரும். அப்போதெல்லாம் அங்கே, தறியில் ஏற்றுமுன் பட்டு இழைகளைப் பாவாக நீட்டிக் கட்டி, அரிசிக்கஞ்சிப் பசை தடவி, ஒன்றோடொன்று ஒட்டிவிடாதபடி காயும்வரை நீவிக்கொண்டே இருப்பார்கள்.

ஒருநாள் எங்கள் பாவு காய்ந்து வரும்போது தூறல் விழுந்தது. அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். அம்மா தனியாகத் திணறியபோது, வெகுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டு அத்தை ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார்.

"ஜல்தி சுத்துங்க அண்ணி! கஞ்சி கரைஞ்சா பாவு பூரா பாழாப் போய்டும்!"

பாவு தப்பியது. அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் இருவரும் பேசவில்லை. ஆனால் அடுத்த முறை அத்தை வீட்டார் பாவு நீட்டியபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அது காயும்வரை வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.