வழிமறித்தவன் வீட்டு ஒப்ரென்

லிம் ஆற்றுப் பக்கத்தில் பலோட்டாவைத் தெரியாத ஆள் கிடையாது. அவன் செத்து நானூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். இன்றைக்கும் ஊரார் பாடும் பழம்பாட்டில் அவன்தான் பொல்லாதவன். சூவோடோல் கணவாயை ஒன்பது வருஷம் மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். முரசு அடிப்பானாம், அந்தச் சத்தத்தைக் கேட்டவன் வீடு திரும்பியதில்லையாம். கடைசியில் ஓர் இளவரசன் வந்து, நேருக்கு நேர் நின்று முடியாமல், பூட்ஸுக்குள் ஒளித்துவைத்த கத்தியால் அவனைக் குத்திச் சாய்த்தானாம்.

இந்தப் பொல்லாதவனுக்கு வாரிசுகள் உண்டு. பலோட்டிச் குடும்பம், ஏழு வீடு. வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு எங்கேயாவது போயிருப்பார்கள். இவர்களா? பீட்டர் திருநாள் கூட்டத்தில் பாடகர் ஒற்றைத் தந்தி குஸ்லேயை மடியில் வைத்து அந்தப் பாட்டை எடுப்பார். பலோட்டா விழும் இடம் வந்ததும் ஏழு வீட்டு ஆண்களும் எழுந்து தொப்பியைக் கழற்றி நிற்பார்கள். "பையைப் பத்திரமா பாத்துக்கோங்கப்பா, பலோட்டா ஆளுங்க எந்திரிச்சிட்டாங்க" என்று கூட்டத்தில் எவனாவது சொல்வான். இவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்கள். மறைத்த கத்தி இல்லாமல் எங்கள் ஆளைத் தொட முடியவில்லையே என்று அதிலும் ஒரு மிதப்பு.

ஒப்ரென் பலோட்டிச் அந்த ஏழு வீட்டுக்கும் மூத்தவன். வயது ஐம்பத்திரண்டு. அரசாங்கச் சாலையில் பாதைக்காரன் வேலை, அதுவும் எங்கே? அதே சூவோடோல் கணவாயில். பதினோரு கிலோமீட்டர் அவன் பொறுப்பு. விழுந்த கல்லைப் பொறுக்குவான், பனியைத் தள்ளுவான், வாய்க்காலில் அடைப்பு எடுப்பான். பாட்டன் அடைத்த பாதையைப் பேரன் பெருக்குகிறான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கூடச் சேர்ந்து சிரிப்பானே தவிர, உள்ளுக்குள் அது அவனுக்குச் சுருக்கென்று தைக்கும். ஒருவரிடமும் சொன்னதில்லை, மனைவி ஸ்தானொய்காவிடம்கூட.

ஆனால் வேலை என்றால் வேலைதான். மலைச்சரிவு எப்போது கோபித்துக்கொள்ளும் என்று அவனுக்கு ஒரு கணக்கு உண்டு. சின்னக் கற்கள் காரணமில்லாமல் உருண்டால், வாய்க்கால் தண்ணீர் காலையில் தெளிந்து மதியம் கலங்கினால், ஆடுகள் மேயும் இடத்தை விட்டு விலகினால் போதும். பாதையின் குறுக்கே கம்பைப் போட்டு, சிவப்புக் கொடியைக் கட்டி, அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவான். பஸ் என்றாலும் சரி, கல்யாண ஊர்வலம் என்றாலும் சரி. ஒருதடவை பாதிரியாரையே இரண்டு மணி நேரம் உட்காரவைத்தான். அவரும் ஒன்றும் சொல்லாமல் அவன் கொடுத்த பாலாடையும் சோள ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எழுபத்து மூன்றாம் வருஷம், பங்குனி வெயில் பனியை இளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள். மரத் தொழிற்சாலை இயக்குநர் ஒருவர் கறுப்பு மெர்சிடஸில் வந்தார். தலைநகரத்தில் கூட்டமாம். வாய்க்கால் கலங்கியிருந்ததால் குறுக்கே போட்டிருந்த கம்பை ஒப்ரென் எடுக்கவில்லை. அவர் முதலில் கெஞ்சினார், பிறகு மிரட்டினார், கடைசியில் கண்ணாடியை இறக்கி, "கொள்ளைக்காரப் பரம்பரைடா நீ, உன் ரத்தம் எங்க போகும்!" என்று கத்தினார். மூன்று மணி நேரம் போனது. ஒரு கூழாங்கல்கூட விழவில்லை. அவருடைய கூட்டமும் முடிந்துபோனது.

பத்தாம் நாள் புகார் வந்தது. காரணமில்லாமல் பாதையை மறித்தான், வேலையை விட்டு எடுக்க வேண்டும். சாலைத் தொழிலாளர் குழு விசாரிக்கும் என்று தேதியும் போட்டிருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எவன் வேறு வேலை கொடுப்பான்? ஸ்தானொய்கா நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒப்ரென் வழக்கம்போல மண்வாரியைத் தூக்கிக்கொண்டு போனான். ஆனால் கணவாயில் ஒவ்வொரு வளைவையும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நடந்தான்.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தும் லெபோசாவா டீச்சர் அவன் வீட்டுக்கு வந்தார். துருக்கியர் காலத்து வரிப் பதிவேடு ஒன்றின் படியை மாநில ஆவணக் காப்பகத்தில் பார்த்தாராம். ஒரு பத்தியை எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒப்ரென் பிளம் சாராயம் ஊற்றினான். பெரியப்பா மகன் கிர்ஸ்தோவும் எதிரே உட்கார்ந்திருந்தான். டீச்சர் படித்தார்: சூவோடோலில் கணவாய்க் காவலன் பலோட்டா, அவனோடு ஐந்து வீடு. பாதையைச் சீராக வைத்திருப்பார்கள். பாதை பத்திரமாக இருந்தால் முரசடித்து வழிப்போக்கரை வரச் சொல்வார்கள். இந்த வேலைக்காக அவர்களுக்கு வரி இல்லை.

கிர்ஸ்தோ கொதித்துப்போனான். காவல்காரனா? ராஜாவையே நடுங்கவைத்தவனைப் பாதை பெருக்குகிறவனாக்கிவிட்டார்களே! அப்படிப்பட்டவனை எவன் பாடுவான், நாம் எதற்குத் தொப்பியைக் கழற்றுவது என்று எகிறினான். டீச்சர் பொறுமையாகச் சொன்னார். பெயரும் இடமும் காலமும் ஒத்துப்போகின்றன, ஆனாலும் பாட்டில் வருகிற ஆள் இவன்தான் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது. காவல்காரன் எப்படிக் கொள்ளைக்காரன் ஆனான் என்பதும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஒப்ரென் கோப்பையைக் கீழே வைத்தான்.

"முரசு அடிக்காத நாள்ல என்ன பண்ணுவாங்க டீச்சர்?"

"யாரையும் விட மாட்டாங்களா இருக்கும்."

"அப்படி ஒரு நாள்ல ஒரு பெரிய மனுஷன் குதிரையில வந்திருப்பான். இவன் கம்பைப் போட்டிருப்பான். பாட்டு கட்டினவன் யாரு? குதிரையில வந்தவனோட ஆளு. நீங்க சத்தியம் பண்ண வேணாம், நான் பண்றேன்."

சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து ஸ்தானொய்கா எட்டிப் பார்த்தாள். புகார் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருபத்தாறு வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்த முள் அந்த ஒரு பத்தியில் உருவப்பட்டுவிட்டது. அடைத்தவனும் தன் ஆள்தான், திறந்தவனும் தன் ஆள்தான். தான் வேறு வேலையே பார்க்கவில்லை!

விசாரணை நாளில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். குழுவில் பதினைந்து பேர். தலைவர் திஹோமிர் நல்ல மனிதர், சண்டை வேண்டாம் என்று நினைக்கிறவர். ஒரு காகிதத்தை நீட்டினார். தேவையில்லாமல் நிறுத்திவிட்டேன், வருந்துகிறேன் என்று இரண்டே வரி. கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும், விஷயம் இத்தோடு முடிந்தது என்றார். ஒப்ரென் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மேஜையின் மீதே திருப்பி வைத்தான்.

"அன்னிக்குக் கல்லு விழுந்துச்சா, தோழரே?" என்று கேட்டார் திஹோமிர்.

"விழல."

"அப்ப நீ செஞ்சது தப்புதானே?"

"இருபத்தாறு வருஷத்துல நாப்பத்தோரு தடவை நிறுத்தியிருக்கேன். ஒன்பது தடவை மலை இறங்குச்சு. மிச்சம் முப்பத்திரண்டும் தப்புதான். அந்தக் கணவாயில என் காலத்துல செத்தவன்னு ஒரு சிலுவை நட்டிருக்கா, போய்ப் பாத்துட்டு வாங்க. என்னைவிடக் கம்மியாத் தப்பு பண்றவன் இருந்தா, தாராளமா வந்து நிக்கட்டும். நாளைக்கே தண்ணி கலங்குச்சுன்னா நாளைக்கும் நிறுத்துவேன்."

பின்வரிசையில் இருந்த பஸ் டிரைவர் ஒருவர் எழுந்தார். பதினான்கு வருஷமாக அந்தக் கணவாயில் ஓட்டுவதாகவும், இவன் கையால் நாலு தடவை நின்றிருப்பதாகவும், நாலு தடவையும் இவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பதாகவும் சொன்னார். "இந்த ஆள் அங்க இல்லேன்னா எனக்கு வேற ரூட் குடுத்துடுங்க" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். ஓட்டெடுப்பு நடந்தது. பதினொரு கைகள் ஒப்ரெனுக்காக உயர்ந்தன. வேலை பிழைத்தது.

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது திஹோமிர் கூப்பிட்டார். புகார்க் கடிதத்தைக் கோப்பில் சேர்க்க வேண்டும். அதில் இயக்குநர் கோபத்தில் இவனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார், அசிங்கமாக இருக்கிறது, அதை மட்டும் அடித்துவிடுகிறேன் என்று சமாதானமாகச் சொன்னார். ஒப்ரென் திரும்பி வந்து பார்த்தான். 'கொள்ளைக்காரன் பலோட்டாவின் வாரிசு' என்று இருந்தது. பேனா அந்த வரியின் மேல் இறங்கப் போனது. ஒப்ரென் கையை நீட்டிக் காகிதத்தை மறைத்தான்.

"அடிக்காதீங்க. நிறுத்தினதுக்குப் பலோட்டாவுக்குக் கிடைச்ச பேரு அது. இப்ப எனக்கும் கிடைச்சிருக்கு."