ஏழு சுப்பிரமணி

நான் இருந்தேன். பத்மா இருந்தார். அம்மையார்குப்பத்து லோகநாதன் இருந்தார். அவருடைய அக்கா புருஷன் முனிரத்தினம் இருந்தார். மொத்தம் நாலு பேர். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, திருத்தணியில் என் பிரவுசிங் சென்டர்.

என் கடை உங்களுக்குத் தெரியும். முன்பு எஸ்.டி.டி. பூத். இப்போது நாலு கம்ப்யூட்டர். நான் படித்தது எட்டாவது. எனக்குக் கம்ப்யூட்டரைத் துடைக்கத் தெரியும். மற்றதெல்லாம் பத்மா. மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பத்துப் பெண். அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் படித்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ரத்தம் கொடுப்பவர்களுக்காக ஒரு வெப்சைட் செய்தார். இந்தப் பக்கத்து ஆட்கள் நிறைய பேர் அதில் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

லோகநாதனுக்கு பவர்லூம் வேலை. மனைவி அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நாலு மணிக்கு சிசேரியன். ரத்தம் ஓ நெகடிவ். ஒரு பாட்டில் கையில் இருக்கிறது, இன்னொன்றுக்கு இரண்டு மணிக்குள் ஆள் வேண்டும், ஆள் வராமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“காலையிலேருந்து சுத்திகினு இருக்கோம்ங்க. ஒருத்தனும் ஆப்டல” என்றார் முனிரத்தினம்.

பத்மா தட்டினார். ஓ நெகடிவ். ரத்தம் கொடுத்து மூன்று மாதம் ஆனவர்கள். பக்கத்து ஊர்கள்.

ஏழு வரி வந்தது.

லோகநாதன் எழுந்தே நின்றுவிட்டார். “பாவா... ஏழு பேரு கீறாங்க!”

“ஒருத்தர் போதும்டா. உக்காரு” என்றார் முனிரத்தினம்.

நானும் எட்டிப் பார்த்தேன். ஏழு பேரும் சுப்பிரமணி. ஏழு பேரும் திருத்தணி. ஏழு பேருக்கும் ஒரே போன் நம்பர்.

வேறு ஊராக இருந்தால் இந்த இடத்தில் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் எப்படிச் சந்தேகப்படுவது? ஒரு வீட்டில் நாலு ஆண் பிள்ளை என்றால் சுப்பிரமணி, சண்முகம், தண்டபாணி, வேலு. சாமி இருக்கிற ஊர். வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. போன் நம்பர் அடிவாரத்துப் பூக்கடை நம்பர். அந்தத் தெருவில் போன் இல்லாதவர்கள் எல்லாரும் அதைத்தான் கொடுப்பார்கள்.

ஆக, ஏழு சுப்பிரமணி. எங்களுக்கு அது குறைச்சல்தான்.

என் பெயர் அதில் இல்லை. அதையும் கவனித்தேன்.

பூக்கடைக்குப் போன் போட்டேன். “ரத்தம் குடுக்கிற சுப்பிரமணிங்க எல்லாரையும் வரச் சொல்லுங்க” என்றேன். அரை மணி நேரத்தில் சைக்கிளில் ஒருவர் வந்தார். வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

மற்ற ஆறு பேருக்காகக் காத்திருந்தோம். அவரும் எங்களோடு காத்திருந்தார். பதினைந்து நிமிடம் போயிற்று.

“இன்னாங்க, யாருக்கு வெயிட் பண்றோம்?” என்றார்.

“மத்த சுப்பிரமணிங்களுக்கு.”

“எங்க தெருவுல ரத்தம் குடுக்கிற சுப்பிரமணி நான் ஒருத்தன்தாங்க.”

“ஏழு காட்டுதே!”

“ஏழா? எட்டு தடவ குடுத்துகீறேன்ங்க. கடைசியா போன மாசம் குடுத்தேன்.”

பத்மா தலையில் கை வைத்துக்கொண்டார். போன மாதம் கொடுத்தவரிடம் இந்த மாதம் எடுக்க முடியாது. “பரவால்லைங்க, எடுக்கட்டும்” என்றார் சுப்பிரமணி. பத்மா முடியாது என்றார்.

ஏழு, ஒன்றாகி, பிறகு ஒன்றும் இல்லாமல் ஆனது. லோகநாதன் பழையபடி உட்கார்ந்துவிட்டார். மணி பன்னிரண்டு.

எனக்கு விளங்கிய அளவில் விஷயம் இதுதான். பத்மாவின் கம்ப்யூட்டருக்குள் இரண்டு நோட்டு. முதல் நோட்டில் ஒரு ஆளுக்கு ஒரு வரி. இரண்டாவது நோட்டில், ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் ஒரு வரி. இரண்டையும் கோத்துக் கேட்கிற கேள்விக்கு குவெரி என்று பெயர். மூன்று மாதத்துக்கு முந்தைய வரிகளைக் கேட்டார் பத்மா. சுப்பிரமணிக்கு அப்படி ஏழு வரி. ஏழையும் அது காட்டியது. எட்டாவது வரியை நாங்கள் கேட்கவில்லை... அதுவும் சொல்லவில்லை. மெஷின் மேல் தப்பில்லை.

பத்மா மறுபடி தட்ட ஆரம்பித்தார். வாய் முணுமுணுத்தது. “முதல் நோட்டுலேருந்து தொடங்கணும். ஒவ்வொருத்தரும் கடைசியா எப்போ குடுத்தாங்கன்னு மட்டும் பாக்கணும். ஒரு தடவகூட குடுக்காதவங்களையும் விடக்கூடாது.”

“குடுக்காதவங்க எதுக்கு?” என்றேன்.

“அவங்களுக்கு ரெண்டாவது நோட்டுல வரியே இருக்காதுண்ணா. வரி இல்லாததால இத்தனை நாளா ஆளையே காட்டாம இருந்திருக்கு.”

நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது குவெரி ஓடி முடிந்திருந்தது. இரண்டு வரி. முதல் பெயர் ஒரு லாரி டிரைவர். வீட்டுக்குப் போன் போட்டோம். நாக்பூர் போயிருந்தார். பத்மா இரண்டாவது வரியைப் படித்தார். நிறுத்தினார். மானிட்டரை என் பக்கம் திருப்பினார்.

“அண்ணா... இது நீங்கதானே?”

நான்தான். வெப்சைட் தொடங்கிய நாளில் முதல் ஃபாரம் என்னுடையது. அதற்குப் பிறகு எத்தனையோ ஃபாரம். பத்மாவுக்கு ஞாபகமில்லை.

நானும் மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். மறக்கவில்லை. எனக்கு ஊசி ஆகாது. பிறகு எதற்குப் பெயர் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். பெயர் கொடுப்பதில் ஊசி இல்லை. ஏழு பேர் இருக்கும்போது எட்டாவது ஆள் எதற்கு என்று இருந்தேன். ஏழும் போன பிறகு எதற்காகச் சும்மா இருந்தேன்? தெரியவில்லை.

லோகநாதன் எழுந்தார். என் செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு பஸ். ஒன்றரைக்கு ஆஸ்பத்திரி. கண்ணை மூடிக்கொண்டேன். பத்து நிமிடம். ஒரு காபி, நாலு பிஸ்கட். அவ்வளவுதான்.

வெளியே பெஞ்சில் முனிரத்தினம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏங்க... காலையிலேருந்து எங்க எதிர்லதான குந்திகினு இருந்தீங்க?”

“ஆங்” என்றேன்.



நாலரைக்குப் பெண் குழந்தை. தாய்க்கு ரத்தம் ஏற்றினார்கள். இருவரும் சுகம். வள்ளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் அந்தப் பெயருக்கும் பஞ்சமில்லை. பத்மா இப்போது வெப்சைட்டில் எல்லாப் பெயருக்கும் முன்னால் ஆளுக்கு ஒரு நம்பர் காட்டுகிறார், ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் ஒரே ஆளா வேறு ஆளா என்று தெரிய.

ஒரு கேள்விக்கு நிறைய பதில் வந்தால் நமக்குச் சந்தோஷம். யார் விட்டுப்போனார்கள் என்று யார் பார்க்கிறோம்? விட்டுப்போனவர் சில சமயம் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார்.

நேற்று பத்மாவிடம் இரண்டாவது நோட்டைக் காட்டச் சொன்னேன். சுப்பிரமணி, எட்டு. எனக்கு, ஒன்று.