டீச்சரின் முதுகுக்கு ஏற்ற கார்

டீச்சர் முதன்முறை என் பட்டறைக்கு வந்தபோது, புடவைக்கு மேல் கட்டியிருந்த இடுப்பு பெல்ட்டைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். ஸ்பேனர்களுக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவே அந்தத் தோல்நிற பெல்ட் கிடந்தது. "இதைக் கட்டிக்கிட்டு உக்காந்தாலும் அந்தக் கார்ல அஞ்சு நிமிஷம் தாங்க முடியல. இது இல்லாமலே நான் ஓட்டணும். பண்ண முடியுமா தம்பி?" என்றார். முடியாது என்ற பதிலை ஏற்றுக்கொள்கிற குரலாக அது இல்லை.

அந்தக் காரை எனக்கு முன்பே தெரியும். எட்டு சிலிண்டர் எஞ்சின், இரண்டே கதவு, நீண்ட மூக்கு கொண்ட பழைய அமெரிக்க வண்டி. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து டீச்சரின் கணவர் வாங்கியது. ஃபிரேசர் டவுன் வீட்டு முற்றத்தில் வைத்து, வருஷக்கணக்கில் எஞ்சினைப் பிரித்துக் கோத்து, கருநீல வண்ணம் அடித்து முடித்தார். சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்கும் சஸ்பென்ஷன் வேலை மட்டும் பாக்கி இருந்தபோது நெஞ்சுவலியில் போய்விட்டார். வண்டியைத் தரையோடு தாழ்த்திக் காட்டுகிற குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்குகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். அவை பெட்டி பிரிக்காமல் கிடந்தன. அடுத்த வருஷமே பள்ளிக்கூட மாடிப்படியில் டீச்சர் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. காரை விற்றுவிடச் சொன்னவர்கள் ஒரு பக்கம். மறுபக்கம் கணவரின் கார் நண்பர்கள், அவர் ஆசைப்பட்டபடி ஸ்பிரிங்கை மாட்டி வண்டியைக் கண்காட்சிக்கு விடுங்கள் என்றார்கள். டீச்சரை ஓட்டச் சொன்னவர் யாருமில்லை.

நானும் நண்பர்கள் பக்கம்தான் இருந்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. சக்கரத்தின் மேல்பாதி உள்ளே மறைந்து, பூனைபோல் பதுங்கி நிற்கிற அப்படியொரு வண்டியை என் கையால் செய்ய வேண்டும் என்பது எனக்குப் பல நாள் ஆசை. "அந்த அழகே தனி டீச்சர்" என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பேசவிட்டு, பிறகு வண்டிச் சாவியை நீட்டினார். "நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

ஆஸ்டின் டவுன் தெருக்களில் ஒரு சுற்றுதான் போனோம். பழைய ஸ்பிரிங்குகள் தொய்ந்து, இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் காய்ந்து, ஷாக் அப்சார்பர் செத்துப்போயிருந்த வண்டி, ஒவ்வொரு மேட்டிலும் 'டொம்'மென்று அடிவாங்கியது. டீச்சர் முனகக்கூட இல்லை. ஆனால் டேஷ்போர்டைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. மூன்றாவது மேட்டில் நான் வண்டியை ஓரங்கட்டினேன். "இதைவிட விறைப்பா மாட்டப்போறேன்னுதானே சொன்னீங்க?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். அவர் இயற்பியல் டீச்சர், நான் சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். வேறொரு பெரிய பட்டறை அவரிடம், காற்றுப் பைகளில் வண்டியை மிதக்கவிடும் ஏற்பாட்டைச் சொல்லியிருந்தது. அதற்குப் பல இடங்களில் அடிச்சட்டத்தை வெட்ட வேண்டும். "வெட்டு எனக்கு ஆயிடுச்சு, வண்டிக்கு வேணாம்" என்று அதைத் தள்ளினார். முன்பக்கம் பழைய உயரத்திலேயே நிற்கும் மென்மையான ஸ்பிரிங், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஷாக் அப்சார்பர், எல்லா இடத்திலும் புது ரப்பர் புஷ் என்று முடிவானது. மென்மையாக வைத்தால் வளைவில் வண்டி சாயுமே என்றேன். அதற்கு வழியில்லையா என்று கேட்டார். இருந்தது. இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பியைத் தடிமனாகப் போட்டால் சாய்வது குறையும். "அப்ப போடுங்க. பள்ளத்துல மெத்துனு இருக்கணும், திரும்பும்போது கெட்டியா நிக்கணும். ரெண்டும் கேக்கறது பேராசை இல்ல தம்பி."

வேலை நடந்துகொண்டிருந்தபோது அவருடைய கொழுந்தனார் ஊருக்கு வெளியே இருக்கும் சந்தாபுராவிலிருந்து வந்தார். அந்தக் கார் நண்பர்களில் இருவரும் உடன் வந்தார்கள். அண்ணன் வரவழைத்து, காரோடு என் பட்டறைக்கு வந்திருந்த ஸ்பிரிங் பெட்டி மூலையில் அப்படியே இருப்பதைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"அண்ணி, அண்ணன் ஆசைப்பட்டது இது இல்ல."

"தெரியும். அவர் ஆசைப்பட்டது அவர் முதுகுக்கு. இதுல உக்காரப் போறது என் முதுகு."

"செத்தவர் ஆசைக்கு ஒரு மரியாதை வேணாமா?"

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "அவர் இருந்த வரைக்கும் இந்த வண்டிக்கு அடியில படுத்திருந்தார். ஓட்டிப் பாக்கும்போதெல்லாம் ஸ்டீரிங்கைப் பிடிச்சது நான். ஆட்டோவுல போனா அவன் வேகம், அடுத்தவங்க கார்ல போனா அவங்க நேரம். எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணு. இதை ஷோவுல நிறுத்திட்டு நான் வீட்டு ஜன்னல்ல நிக்கணுமா? பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க." நண்பர்களில் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்து, "நல்ல வண்டியைக் கெடுத்துட்ட குரு" என்றார்.

முதல் முயற்சி தோற்றது. வண்டியை எடுத்துக்கொண்டு போன இரண்டே நாளில் டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார், நிமிர முடியாமல். பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகளைப் புதிதாக அடித்து மாட்டியிருந்தேன்; அவை இறுகிப்போய், ஒவ்வொரு பள்ளத்திலும் அவரைத் தூக்கிப் போட்டிருக்கின்றன. எனக்குத் தைரியம் போய்விட்டது. "விட்டுடலாம் டீச்சர், உங்க உடம்புக்கு ஏதாவது ஆயிட்டா..." என்றேன். அவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். "ஒரு பரிசோதனை தப்பாப் போச்சுன்னு லேபைப் பூட்டிட்டுப் போயிடுவோமா? மறுபடி கழட்டுங்க." கழற்றினேன். பட்டைகளை மெலிதாக்கினேன், ஷாக் அப்சார்பரை இரண்டு படி தளர்த்தினேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதே தெருக்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அவர் விரல்களைப் பார்த்தபடிதான் நான் ஓட்டினேன். ஏழாவது முறை அவருடைய கை மடியிலேயே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரே ஓட்டிக்கொண்டு சந்தாபுராவுக்குப் புறப்பட்டார். பயத்தில் நானும் ஏறிக்கொண்டேன். ஓசூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்த எஞ்சின் உறுமியது. கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்காமலே டீச்சர் ஓட்டினார். கொழுந்தனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, யார் கையையும் பிடிக்காமல் இறங்கி நேராக நின்றார். கொழுந்தனார் வண்டியைச் சுற்றிவந்து சக்கரத்துக்கு மேல் தெரிந்த இடைவெளியைப் பார்த்தார். "லாரி மாதிரி நிக்குது அண்ணி."

"லாரிதான் ஊர் போய்ச் சேரும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போனார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷமாகிறது. கார் கூட்டங்களில் இன்றும் என்னை 'லாரி மெக்கானிக்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். இப்போது யார் பழைய வண்டியைக் கொண்டுவந்தாலும், யார் ஓட்டப் போகிறார்கள், உடம்பில் எங்கே வலி என்று கேட்காமல் நான் ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை. சிலர் சிரித்துவிட்டு வேறு பட்டறைக்குப் போகிறார்கள்.

போன மாதம் டீச்சர் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் புதிய ஸ்கேன் உறை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"இனிமே கார் ஓட்டவே கூடாதுன்னுட்டார்" என்றபடி உறையைக் காரின் பின்சீட்டில் வீசினார். "அது கிடக்கட்டும். கிளட்ச் ரொம்பக் கனமா இருக்கு தம்பி. அதை லேசாக்க என்ன வழி, சொல்லுங்க."