அருணாசலவடிவின் மூலப்பதிவு

முத்தையாபுரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிவப்பிரகாஷுக்கு ஊரில் பாதிப் பேரைக் கண்டாலே ஆகாது. செல்போன் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கிறவர்கள் அந்தப் பாதியில் சேர்த்தி. வாட்ஸ்அப்பில் வந்த எம்பி3 பாட்டை நீட்டி, ஒரிஜினல் குவாலிட்டியாக மாற்றித் தரச் சொல்கிறவர்களும்தான்.

"கருவாட்டத் தண்ணியில ஊறப்போட்டா நீந்துமாலே?" என்பான்.

எம்பி3 ஆக்கும்போது கோப்பைச் சின்னதாக்க ஓசையில் கொஞ்சம் வெட்டி எறிந்துவிடுவார்கள். பிறகு அதை, ஓசையை வெட்டாமல் வைக்கிற வேவ் ஆக்கினாலும் ஃப்ளாக் ஆக்கினாலும் கோப்புதான் வீங்கும். போன ஓசை போனதுதான். இது தெரிந்தும் காசு வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிற கடைகள் உண்டு. அவர்கள் பேச்சை எடுத்தாலே காறித் துப்புவான். தன் கடை வாசல் என்றும் பார்ப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை நான் பிரிண்ட் எடுக்கப் போயிருந்தபோது புதுக்கோட்டை அருணாசலவடிவு வந்தார். கோயில் கொடை விழாக்களில் இருபது வருடம் வில்லுப்பாட்டுப் பாடியவர். தைராய்டு ஆபரேஷனோடு குரல் போய்விட்டது. பேச்சே வெறும் காற்றாகத்தான் வருகிறது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவரைப் பாடவைத்துப் பதிவு செய்து, வேவாகவே மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தவன் சிவப்பிரகாஷ். நாட்டார் பாடல்களைச் சேகரிக்கும் சென்னைக் காப்பகம் ஒன்று இப்போது அதைக் கேட்கிறது. வெட்டுப்படாத மூலப்பதிவு இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம்.

அவர் கொண்டுவந்த மெமரி கார்டில் எம்பி3 மட்டுமே கிடந்தது.

"வேவ் எங்க யக்கா?"

"மைக்செட்டுக்காரர் பெட்டியில அது ஓடலையாம் தம்பி. கொடைக்குப் போடணும்னு அவரே மாத்திட்டு, இடம் அடைக்குன்னு பழச அழிச்சிட்டாரு."

"அந்த ஆளுக்குக் காது இருக்கா, இல்ல அழகுக்கு ஒட்டி வச்சிருக்கானா?" என்று ஆரம்பித்தவன் கால் மணி நேரம் ஓயவில்லை. கடைசியில், "கவலப்படாதிய, எங்கிட்ட காப்பி இருக்கு" என்று ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினான்.

இரண்டு முறை தேடினான். அங்கேயும் எம்பி3தான். போன வருடம் அவன் கையாலேயே மாற்றியது. தேதி போட்டிருந்தது.

"நாந்தான் மாத்திருக்கேன். டிஸ்க்குல இடம் பத்தல" என்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"பேசாம வேவ் ஆக்கி அனுப்பேன், யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். சொன்ன வாயை இப்போதும் கழுவத் தோன்றுகிறது. அவன் என்னைத் திட்டக்கூட இல்லை.

வடிவு திரையை எட்டிப் பார்த்தார். ஃப்ளாக் கோப்புகள் வரிசையாக ஆயிரத்துக்கு மேல் இருந்தன.

"இதெல்லாம் யாரு பாட்டு தம்பி?"

"சினிமாப் பாட்டு யக்கா. ஒண்ணையும் வெட்டல."

"அது எங்க கேட்டாலும் கெடைக்குமே" என்றார்.

சிவப்பிரகாஷ் மெமரி கார்டை உருவி அவர் கையில் கொடுத்தான்.